மாத்திரையின் உண்மைப் பெயர் என்ன?

(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நாம் வழக்கமாகச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். போனஸைப் பற்றியும், மழை நாள் வேலையைப் பற்றியும், வீட்டுக் கூரையைப் பற்றியும் பேசுவோம். இன்று மருந்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தவுடன், "சங்கத்துக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்கள். சம்பந்தம் உண்டு. பேச்சு வார்த்தை நடத்திப் பெற்ற வெள்ளி, தொழிலாளியின் கையை விட்டு எந்தெந்த ஓட்டை வழியாக ஒழுகிப் போகிறது என்று பார்ப்பதும் சங்கத்தின் கடமையே. அந்த ஓட்டைகளில் ஒன்று மருந்துச் செலவு.

இங்கே கூடியிருப்பவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அநேகம் பேர். இனிப்பு நீருக்கு ஒரு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை என்று பிளாஸ்டிக் பை நிறைய வைத்திருக்காத வீடு எத்தனை? 2023-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு எடுத்த நாடு தழுவிய கணக்கின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு இனிப்பு நீர், நூற்றுக்கு 29.2 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். நமது இந்திய சமூகத்தில் இனிப்பு நீர்க்காரர்களின் விகிதம் நாட்டின் சராசரியை விடக் கூடுதல். இது ஒரு நாள், இரண்டு நாள் சாப்பிட்டு விடுகிற மருந்தல்ல. வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டிய மருந்து. ஆகவே மருந்தைப் பற்றிய சிறு விஷயம்கூட நமக்குப் பெரிய விஷயமாகி விடுகிறது.

அந்தச் சிறு விஷயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று மருந்தின் பெயர். மற்றொன்று விற்கும் கம்பெனியின் மார்க்குப் பெயர். மார்க்குப் பெயரை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதால் நமக்கு மூன்று நஷ்டங்கள். பணம் வீணாகிறது. நல்ல மருந்தைச் சந்தேகப்பட்டு நிறுத்துகிறோம். ஒரே மருந்தை இரண்டு பெயரில் வாங்கி இரண்டு மடங்கு விழுங்குகிறோம். முதல் நஷ்டம் பையைத் தொடுகிறது. மற்ற இரண்டும் உயிரைத் தொடுகின்றன.

பிறப்புப் பத்திரமும் பட்டப் பெயரும்

நமது தோட்டங்களில் ஒருவருடைய பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கும். தோட்டத்தில் அவரைக் கூப்பிடுவது வேறு பெயராக இருக்கும். பத்திரத்துப் பெயரைச் சொல்லித் தேடினால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. மருந்தின் கதையும் இதுதான்.

காய்ச்சல், தலைவலி என்றால் நாம் 'பனடோல்' கேட்கிறோம். பனடோல் என்பது ஒரு கம்பெனியின் மார்க்கு. உள்ளே இருக்கும் மருந்துக்குப் பெயர் பாராசெட்டமோல். அரசாங்க கிளினிக்கில் வெறும் வெள்ளை மாத்திரையாகக் கொடுப்பதும் அதே பாராசெட்டமோல்தான். அதை வாங்கிக்கொண்டு வந்து, "கவர்மெண்ட் மருந்து வேலை செய்யாது" என்று சொல்லிக் கடையில் காசு கொடுத்துப் பனடோல் வாங்குகிறவர்கள் நம்மில் இல்லையா?

இனிப்பு நீருக்குக் கொடுக்கும் 'குளுக்கோபேஜ்' என்பது மார்க்கு. மருந்தின் பெயர் மெட்பார்மின். இரத்த அழுத்தத்துக்குரிய 'நோர்வாஸ்க்' மார்க்கு; மருந்து அம்லோடிபின். கொழுப்புக்குரிய 'லிபிட்டோர்' மார்க்கு, மருந்து அட்டோர்வாஸ்டாட்டின். இழுப்புக்கு வாயில் அடித்துக்கொள்ளும் 'வென்தோலின்' மார்க்கு, மருந்து சால்பியூட்டமோல். வலிக்குக் கேட்டு வாங்கும் 'போன்ஸ்தான்' மார்க்கு. மருந்து மெபெனாமிக் அமிலம்.

முதலில் கண்டுபிடித்த கம்பெனி தன் மார்க்கில் விற்பதை மார்க்கு மருந்து என்கிறோம். உரிமைக் காலம் முடிந்த பின் மற்றக் கம்பெனிகள் அதே மருந்தைச் செய்து விற்பதை ஜெனெரிக் மருந்து என்கிறார்கள். நாம் அதைப் பொதுப்பெயர் மருந்து என்று சொல்லலாம்.

நமது பாட்டன்மார் காலத்தில் மலைக் காய்ச்சலுக்குப் பெரட்டில் வரிசையாக நிறுத்திக் கொய்னா கொடுத்தார்கள். கசப்பை விழுங்கினார்கள். எந்தக் கம்பெனியின் கொய்னா என்று யாரும் கேட்கவில்லை. கொய்னா கொய்னாதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெட்டியும் விளம்பரமும் வந்த பிறகு அந்தத் தெளிவு நம்மிடம் குறைந்து விட்டது.

ரப்பர் சொல்லும் பாடம்

"விலை குறைந்தது எப்படித் தரத்தில் சமமாக இருக்க முடியும்?" இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் நமது தொழிலிலேயே இருக்கிறது.

நீங்கள் பாலைக் கொண்டு வந்து நிறுக்கும் இடத்தில் வைக்கிறீர்கள். வாளி நிறைய இருக்கிறது என்பதற்காக யாராவது கூலி போடுகிறார்களா? மெட்ரோலாக்கை விட்டுப் பார்க்கிறார்கள். மாதிரி எடுத்துக் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். வாளி பளபளப்பாக இருந்தாலும் சரி, நசுங்கிக் கிடந்தாலும் சரி, கணக்கு உள்ளே இருக்கும் ரப்பருக்குத்தான். தண்ணீர் கலந்தால் கிராணிக்குத் தெரியாமல் போகுமா?

மாத்திரையும் அப்படியே. 500 மில்லிகிராம் மெட்பார்மின் என்று எழுதியிருந்தால், அந்த 500 மில்லிகிராம்தான் காய்ந்த ரப்பர். மீதி மாவு, பசை, நிறம், மேல்பூச்சு எல்லாம் மாத்திரைக்கு உருவம் கொடுக்கச் சேர்ப்பவை. பெட்டியும் மார்க்கும் வாளியைப் போன்றவை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். முன்பெல்லாம் ஷீட் ரப்பரை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணால் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்தார்கள். 1965-ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். என்ற முறை வந்தது. அதில் அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, ஆவியாகும் பொருள் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று சோதனைச் சாலையில் பார்த்துத் தரச் சான்று கொடுத்தார்கள். அதன் பிறகு வெளிநாட்டு டயர் கம்பெனிக்காரன் எஸ்.எம்.ஆர். 20 கேட்டால், அது எந்தத் துரையின் தோட்டத்து ரப்பர் என்று விசாரிப்பதில்லை. பெரிய தோட்டத்து மரமோ, இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரரின் மரமோ, சோதனையில் தேறினால் அது எஸ்.எம்.ஆர். 20. கோடிக்கணக்கான வண்டிகள் அந்த நம்பிக்கையில்தான் ஓடுகின்றன. நமது ரப்பரை உலகம் சோதனையை வைத்து நம்புகிறபோது, மருந்தை மட்டும் நாம் பெட்டியின் அழகை வைத்து நம்புவது சரியா?

மருந்துக்கு என்ன சோதனை?

மருந்தைக் கம்பெனிக்காரர் சொல்லை நம்பி நாட்டுக்குள் விடுவதில்லை. நமது நாட்டில் 1952-ஆம் ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் 1984-இல் விதிகள் வகுக்கப்பட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பட்டது. அந்த வாரியத்தில் பதியாத மருந்தை விற்கக்கூடாது. பதிவு வேலைகளையும் சோதனைகளையும் பார்ப்பது தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம்.

வாயால் விழுங்கும் பொதுப்பெயர் மருந்துகளில் பலவற்றுக்கு ஒரு முக்கியச் சோதனை உண்டு. ஆரோக்கியமான ஆட்கள் சிலருக்கு ஒரு முறை மூல மருந்தையும், சில நாள் விட்டுப் புது மருந்தையும் கொடுப்பார்கள். மணிக்கு மணி இரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு இரத்தத்தில் சேர்ந்தது, எவ்வளவு சீக்கிரம் சேர்ந்தது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு தவறான பேச்சு நடமாடுகிறது. "நூற்றுக்கு 80 இருந்தாலே போதுமாம், ஆகவே ஜெனெரிக்கில் இருபது பங்கு மருந்து குறைவாம்" என்கிறார்கள். இது உண்மையல்ல. 80 முதல் 125 வரை என்று ஒரு எல்லை இருப்பது மெய். அது மாத்திரைக்குள் போடும் மருந்தின் அளவுக்கு உரியதல்ல. இரத்தத்தில் சேரும் அளவை ஒப்பிடும்போது ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசத்தையும் சேர்த்துப் போடும் கணக்கின் முழு வீச்சும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதே விதி. சராசரியே 80 பக்கம் இருக்கும் மருந்து இந்தச் சோதனையில் தேறவே தேறாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரை தான் ஏற்றுக்கொண்ட இத்தகைய 2,070 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. இரத்தத்தில் சேரும் மொத்த அளவில் மூல மருந்துக்கும் பொதுப்பெயர் மருந்துக்கும் இருந்த சராசரி வித்தியாசம் நூற்றுக்குச் சுமார் 3.5 மட்டுமே. காலையில் வெட்டிய பாலுக்கும் சற்று நேரம் கழித்து வெட்டிய பாலுக்கும் இதைவிட அதிக வித்தியாசம் இருக்கும் என்று நீங்களே சொல்வீர்கள்.

அப்படியானால் விலை ஏன் குறைவு?

ஒரு புது மருந்தைக் கண்டுபிடித்து, மிருகங்களிலும் மனிதர்களிலும் சோதித்து, கடைக்குக் கொண்டு வர நிறையப் பணமும் பல ஆண்டுகளும் ஆகின்றன. அதற்கு ஈடாக அந்தக் கம்பெனிக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்குத் தனி உரிமை கொடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் வேறு எவரும் அதைச் செய்து விற்க முடியாது. விலையைச் சொல்கிறவர் ஒருவர்தான். உரிமை முடிந்ததும் பலரும் செய்கிறார்கள். அவர்கள் கண்டுபிடிப்புச் செலவை மீண்டும் செய்ய வேண்டியதில்லை. போட்டி வருகிறது, விலை இறங்குகிறது. கண்டுபிடித்தவரின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. உழைப்புக்குக் கூலி உண்டு என்பதைத் தொழிற்சங்கக்காரரை விட நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் உரிமைக் காலம் முடிந்த பிறகும் பெயருக்காக மட்டும் கூடுதல் கொடுப்பதா என்பதே கேள்வி.

மெட்பார்மின் 1957 முதல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு வரும் மருந்து. அதன் மேல் இன்று எவருக்கும் தனியுரிமை கிடையாது. பொதுப்பெயர் மருந்துகள் இந்தியாவிலிருந்தும் வருகின்றன. நமது நாட்டிலேயே ஈப்போவிலும், கிள்ளானிலும், மலாக்காவிலும், பாங்கியிலும் தொழிற்சாலைகள் வைத்துச் செய்கிறார்கள்.

நிறம் மாறினால் மருந்து மாறி விட்டதா?

அரசாங்க கிளினிக்கில் போன மாதம் வட்டமாகக் கொடுத்தார்கள். இந்த மாதம் நீளமாகக் கொடுக்கிறார்கள். அன்று மஞ்சள், இன்று வெள்ளை. உடனே, "மலிவான மருந்தைத் தள்ளி விட்டார்கள்" என்று எண்ணி மாத்திரையை அலமாரியில் போட்டு விடுகிறார் ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரத்த அழுத்தம் சத்தம் போடாமல் ஏறும் வியாதி. ஒரு நாள் காலையில் கை விழுந்து போகும், வாய் கோணிப் போகும். "நன்றாகத்தானே இருந்தார்!" என்று வீட்டார் அழுவார்கள். அவரைப் படுக்க வைத்தது மலிவு மருந்தா? சாப்பிடாத மருந்து.

அரசாங்கம் ஒப்பந்தப்படி மருந்து வாங்குகிறது. ஒப்பந்தம் மாறினால் செய்கிற கம்பெனி மாறும். கம்பெனி மாறினால் நிறமும் உருவமும் மாறும். மருந்தின் பெயரும் அளவும் மாறாமல் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. உறையின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பழைய உறையோடு வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மருந்து கொடுக்கும் சன்னலிலேயே கேளுங்கள். கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ஒரே மருந்து, இரண்டு உறை

இப்போது சொல்லப்போவதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஒரு தாயார் அரசாங்க கிளினிக்கில் இனிப்பு நீருக்குக் 'கிளிக்லசைட்' வாங்குகிறார். பட்டணத்தில் இருக்கும் மகன் அன்போடு தனியார் டாக்டரிடம் அழைத்துப் போகிறான். அங்கே 'டயாமிக்ரோன்' கொடுக்கிறார்கள். தாயார் பழைய மருந்தைப் பற்றிச் சொல்லவில்லை. பெயர் வேறு, பெட்டி வேறு, ஆகவே மருந்தும் வேறு என்று நினைத்து இரண்டையும் சாப்பிடுகிறார். உண்மையில் டயாமிக்ரோன் என்பதே கிளிக்லசைட்தான். இரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்குகிறது. வேர்க்கிறது, நடுங்குகிறது, மயங்கி விழுகிறார். இரவில் தூக்கத்தில் இப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இங்கே டாக்டர் கொடுத்தது நல்ல மருந்து. கிளினிக்கில் கொடுத்ததும் நல்ல மருந்து. பெயர் தெரியாததுதான் விஷமாகி விட்டது.

பாராசெட்டமோலும் அப்படியே. வயது வந்தவர் ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் சாப்பிடக்கூடாது. சளிக்கென்று கடையில் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் பாராசெட்டமோல் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு அதையும், சளிக்கு இதையும், கிளினிக்கில் கொடுத்ததையும் சேர்த்து விழுங்கினால் ஈரல் கெட்டுப் போகும். சாராயம் குடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம்.

எங்கே நிதானம் வேண்டும்?

எல்லா மருந்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று நாம் சொல்லவில்லை. சில மருந்துகளில் போதிய அளவுக்கும் தீங்கான அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வலிப்புக்குரிய பெனிட்டோயின், கார்பமாசெபின், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பாரின், தைராய்டுக்குரிய லெவோதைராக்சின், சிறுநீரகம் மாற்றி வைத்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் போன்றவை அந்த வகை. இவற்றில் ஒரு கம்பெனியின் மருந்து ஒத்துக்கொண்டால் அதையே தொடருவது நல்லது. மாற்ற வேண்டி வந்தால் டாக்டருக்குத் தெரிந்துதான் மாற்ற வேண்டும். இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளும் உண்டு. முன்பு சொன்ன கிளிக்லசைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாத்திரை 80 மில்லிகிராம். மெல்லக் கரையும் மாத்திரையில் 30 மில்லிகிராமே அதற்கு ஈடு. பெயர் ஒன்று, கணக்கு வேறு. மெல்லக் கரையும் மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது. ஆகவே பெயரோடு அளவையும், எந்த வகை மாத்திரை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொதுப்பெயர் மருந்துக் கம்பெனிகள் எல்லாம் உத்தமர்கள் என்றும் நாம் சான்று கொடுக்கவில்லை. இந்தியாவின் ரான்பாக்சி கம்பெனியின் அமெரிக்கக் கிளை, தரக்குறைவான மருந்து விற்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2013-இல் 50 கோடி அமெரிக்க டாலர் கட்டியது. அதே சமயம் 2019-இல் வயிற்றுப் புளிப்புக்கு விற்ற 'சான்டாக்' என்ற பெயர் பெற்ற மார்க்கு மருந்தையே, வேண்டாத பொருள் கலந்திருந்ததால், அதன் கம்பெனி கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. மார்க்கும் காவல் அல்ல, மலிவும் குற்றம் அல்ல. ஓயாத சோதனைதான் காவல்.

மலிவு வேறு, போலி வேறு

பதிவு செய்த மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று ஆங்கில எழுத்தும், அதன் பின் எட்டு எண்களும், கடைசியில் வகையைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். 'ஏ' என்றால் டாக்டரோ மருந்தாளரோ கொடுக்க வேண்டிய கட்டுப்பாட்டு மருந்து. 'எக்ஸ்' என்றால் கடையில் வாங்கக்கூடியது. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. பெட்டியில் ஹோலோகிராம் என்ற மின்னும் முத்திரையும் ஒட்டியிருக்கும். விலை குறைந்த பொதுப்பெயர் மருந்திலும் இந்த எண் உண்டு. விலை உயர்ந்த மார்க்கு மருந்திலும் உண்டு.

இந்த எண் இல்லாமல், சந்தையில் பாயை விரித்து மூட்டுவலிக்கென்று ஜாமு விற்கிறார்களே, அதைத்தான் அஞ்ச வேண்டும். அத்தகைய சரக்குகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை அதிகாரிகள் பல முறை கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்து போகும். பிறகு முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனப்படும். அரசாங்க கிளினிக் மாத்திரையைச் சந்தேகிக்கும் நாம், இந்த டப்பாவைச் சந்தேகிக்காமல் வாங்குவது எவ்வளவு பெரிய முரண்பாடு!

நமக்குள்ள உரிமை

குடிமக்கள் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரையும் பார்க்கலாம், மருந்தும் பெறலாம். பெரும்பாலும் அங்கே கொடுப்பது பொதுப்பெயர் மருந்தே. இலட்சக்கணக்கானவர்களின் இனிப்பு நீரையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கி வைத்திருப்பது அதுதான்.

தனியார் கிளினிக்குக்குப் போனாலும் நாம் ஊமையாக இருக்க வேண்டியதில்லை. நமது நாட்டில் டாக்டரே பார்த்து, டாக்டரே மருந்தும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஆனாலும், "மருந்துச் சீட்டு எழுதிக் கொடுங்கள், பார்மசியில் வாங்கிக்கொள்கிறோம்" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்தின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவும் நடைமுறைக்கு வந்தது. அதே 2025-இல்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்த 1,700-இல் மருந்துக்குப் போகும் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குக் கேட்பது கஞ்சத்தனம் அல்ல.

நமது நாடே இந்த வழியில் நடந்து காட்டியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு உரிமைக்காரக் கம்பெனிகளின் மருந்து கட்டுப்படியாகவில்லை. அப்போது மலேசிய அரசாங்கம் சட்டத்திலுள்ள 'அரசாங்க உபயோகம்' என்ற அதிகாரத்தைக் கையாண்டு, இந்தியாவின் சிப்லா கம்பெனியிடமிருந்து பொதுப்பெயர் மருந்தைத் தருவித்தது. ஒரு நோயாளிக்கு மாதம் சுமார் 315 அமெரிக்க டாலராக இருந்த செலவு சுமார் 58 டாலராக இறங்கியது. ஈரலைத் தின்னும் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு சோபோஸ்புவிர் என்ற மருந்து 2013-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, 12 வாரச் சிகிச்சைக்கு விலை 84,000 டாலர். 2017 செப்டம்பரில் நமது அரசாங்கம் அதே அதிகாரத்தை மீண்டும் பயன்படுத்தியது. 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அந்தச் சிகிச்சையை இலவசமாகக் கொடுக்க முடிந்தது. பெரிய கம்பெனிகளின் முகத்தைப் பார்த்து நாடு பேரம் பேசியது. நாம் ஒரு மருந்துக் கடைக்காரரிடம் வாய் திறந்து கேட்கக் கூடாதா?

நாம் செய்ய வேண்டியது

டாக்டரிடமும் மருந்துக் கடையிலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த மருந்தின் உண்மைப் பெயர் என்ன? எத்தனை மில்லிகிராம்? நான் ஏற்கனவே சாப்பிடும் மருந்தில் இது இருக்கிறதா? இதே மருந்து பொதுப்பெயரில் கிடைக்குமா, விலை என்ன? கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். கட்டுப்பாட்டு மருந்து கொடுக்கும்போது நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, கொடுத்த தேதி ஆகியவற்றை உறையின் மேல் எழுத வேண்டும் என்பது சட்ட விதி. எழுதாமல் கொடுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எங்கே போனாலும் எல்லா மருந்தையும் உறையோடு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாத்திரைகளை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். உறை போனால் பெயர் போயிற்று. பெயர் போனால் காவல் போயிற்று.

கிராணிமார்களுக்கும் படித்த இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் டிரசர் இருந்தார். எந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ரப்பர் அழிந்து செம்பனை வந்தது, லயன்கள் காலியாயின, பல இடங்களில் டிரசரும் இல்லை. அந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். செக்ரோல் எழுதும் கைக்கு ஒரு அட்டை எழுதுவது கடினமா? வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கும் வயதானவர்களுக்கு ஒவ்வோர் அட்டை எழுதிக் கொடுங்கள். இடது பக்கம் மருந்தின் பெயர், நடுவில் அளவு, வலது பக்கம் எந்த வேளை, எதற்காக என்று தமிழில் எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதைச் சிவப்பு மையில் மேலே எழுதுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது ஐ.சி.யோடு அந்த அட்டையும் இருக்கட்டும். கிளைத் தலைவர்கள் அட்டைகளை அச்சடித்துக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இந்தக் கூட்டத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

தோழர்களே! பெயர் தெரியாமல் எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சங்கம் நமக்குக் கற்றுக் கொடுத்தது. கைரேகை வைத்து ஏமாந்த காலத்தை அந்தப் பாடம்தான் மாற்றியது. காகிதத்துக்குக் கற்ற பாடத்தை மாத்திரைக்கும் கடைப்பிடிப்போம். வாங்கும் முன் பெயரைக் கேட்போம். விழுங்கும் முன் பெயரைப் படிப்போம். நிறுத்தும் முன் டாக்டரைக் கேட்போம்.

வாழ்க தொழிலாளர் நலம்! வளர்க நமது ஒற்றுமை!